சுவர் தாண்டிப் போன இரண்டு கோழிகள்

பெயர் யசோதா. வயது ஐம்பத்து நான்கு. தந்தை பெயர் சின்னப்பா, காலமாகிவிட்டார். கணவர் பெயர் ரவிக்குமார். அவர் இப்போது இருக்கும் விலாசம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை என்பதால் அந்த இடத்தை வெறுமையாக விடும்படி கேட்டுக்கொண்டேன். இருப்பிடம் சந்தாபுரா, மூன்றாவது கிராஸ், தண்ணீர் டேங்குக்கு எதிர் வீடு. முன்பு ஒரு கார்மெண்ட்ஸ் பேக்டரியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன், கடைசி எட்டு வருடம் லைன் சூப்பர்வைசர். இப்போது வீட்டிலேயே தேனீப் பெட்டிகளும் நாட்டுக்கோழிகளும் வைத்திருக்கிறேன். வைத்திருந்தேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

எனக்குக் கன்னடம் நன்றாக வரும். பேக்டரியில் அறுபது பேரை அந்த பாஷையில்தான் வேலை வாங்கினேன். ஆனால் கன்னடத்தில் எனக்கு அதட்டித்தான் பழக்கம், நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டுமென்றால் தமிழ்தான் வேண்டும் என்றேன். அதன் பேரில் தமிழ் எழுதத் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் ஸ்ரீகண்டன் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், அதில் சர்க்கரை அதிகம்.

பக்கத்து வீட்டு நாகேஷ், வயது நாற்பத்து மூன்று, மனை புரோக்கர், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கோழிக்கு விஷம் வைத்து, அதை வேண்டுமென்றே அவன் வீட்டுப் பக்கம் ஓட்டிவிட்டேன் என்று அதில் இருக்கிறது. ‘அவர்’ என்று எழுதட்டுமா என்று ஸ்ரீகண்டன் கேட்டார். நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன். விஷம் வைத்தது நான் இல்லை. ஆனால் அந்தக் கோழிகளுக்குள் விஷம் இருந்தது எனக்குத் தெரியும், தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டுக்குப் பின்னால் பதினைந்துக்கு இருபது அடி காலி இடம் இருக்கிறது. அங்கே இரண்டு தேனீப் பெட்டிகளை இரும்பு ஸ்டாண்டின் மேல் வைத்திருந்தேன். அவற்றுக்கு அடியில் ஒன்பது கோழிகள் மேயும். தேனீயும் கோழியும் எப்படி ஒத்துப்போகும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒத்துப்போகும். பெட்டியிலிருந்து மெழுகுப் புழு விழும், கோழி தின்னும். தேனீக்கள் தங்கள் கூட்டத்தில் செத்ததை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, இழுத்து வந்து வாசலுக்கு வெளியே தள்ளிவிடும், அதையும் கோழி தின்னும். மத்தியானம் இரண்டு மணி ஆனால் என் கோழிகள் பெட்டிக்கு அடியில் வந்து, ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்கும். இது தினமும் நடப்பது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து வருடம் இருந்தும் நாகேஷுக்கு இது தெரியாது. அவன் சுவருக்கு மேல் தலையை நீட்டியதெல்லாம் திட்டுவதற்கு மட்டும்தான்.

ஆரம்பத்தில் எங்களுக்குள் பகை இல்லை. முதல் தேன் எடுத்தபோது அரைப் படி தேனை ஒரு தூக்கில் ஊற்றி அவன் மனைவி ரூபினியிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து அதே தூக்கில் ரவா உருண்டை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவள் நல்ல பெண். அவளைப் பற்றி இந்த வாக்குமூலத்தில் வேறு மாதிரி ஒரு வார்த்தையும் வரக்கூடாது.

அதன் பிறகு போன வருடம் ஆகஸ்டில் நாகேஷ் ஒரு வெள்ளைக் கார் வாங்கினான். தேனீ பறக்கும்போது கழியும், அது மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக விழும், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். அது அவன் கார் மேல் விழுந்தது. அவன் என் வாசலில் வந்து கத்தினான். நான் அதற்குப் பதில் கத்தவில்லை என்று சொன்னால் பொய், கத்தினேன். ஆனாலும் அதன் பிறகு என் பக்கத்து நியாயமாக அவனுக்கு ஒரு கார் கவர் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியின் வாசல் அவன் கார் நிற்கும் பக்கம் பார்த்தது என்பதால் அதையும் திருப்பினேன். தேனீப் பெட்டியை ஒரேயடியாகத் திருப்பினால் மேயப் போனது திரும்பி வந்து வாசலைக் காணாமல் தவிக்கும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை வீதம் பதினொரு நாள் திருப்பினேன். கார் கவரை அவன் ஒரு நாளும் போடவில்லை. ஊர் பார்க்கத்தானே கார் வாங்கினான்.

அதன் பிறகு டிசம்பரில் என் கோழி ஒன்று சுவர் தாண்டி அவன் பக்கம் போனது, அப்போது என்னிடம் பத்து இருந்தன. அன்று மாலை அது வரவில்லை. மறுநாள் அவன் வீட்டுக் குப்பை வாளியில் செம்பட்டை இறகு கிடந்தது. நான் போய்க் கேட்டபோது அவன் சோபாவில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். “காம்பவுண்டு தாண்டி வந்தா அது என் கோழி. உன் பேரு எழுதியிருக்கா அது மேல?” என்றான். இதை எழுத்து மாறாமல் அப்படியே போடும்படி கேட்டுக்கொண்டேன். அது பற்றிப் புகார் கொடுக்கப் போனேன். ஒரு கோழிக்கா வந்தீர்கள் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். சிரித்தவர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார்.

இந்த வருடம் மார்ச் மாதம் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை யுகாதி. புங்கமரமெல்லாம் பூத்து, என் இரண்டு பெட்டியிலும் தேன் நிறைந்து, ஒரு வாரத்தில் எடுக்கலாம் என்று இருந்தேன். காலை பத்து மணிக்கு ஒப்பட்டு, அதாவது போளி, எடுத்துக்கொண்டு ஈஜிபுராவில் இருக்கும் என் தங்கை லட்சுமம்மா வீட்டுக்குப் போனேன். நான் கதவைப் பூட்டும்போது நாகேஷ் தன் வாசலில் நின்று பார்த்தான். மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தேன்.

தெருவிலிருந்து உள்ளே வரும்போதே சத்தம் இல்லை. இரண்டு பெட்டித் தேனீ இருந்தால் வீட்டுக்குள் ஒரு சத்தம் எப்போதும் இருக்கும், ஃபிரிட்ஜ் சத்தம் மாதிரி, நின்றால்தான் தெரியும். பின்னால் போய்ப் பார்த்தேன். பெட்டிகளின் முகத்திலும் சுவரிலும் மருந்து வழிந்த ஈரம் இருந்தது. மூக்கை எரிக்கும் நாற்றம். பெட்டிக்கு அடியில் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. வெளியே போயிருந்தவை அப்போதும் வந்துகொண்டிருந்தன, வந்து வாசல் பலகையில் உட்கார்ந்ததும் சுருண்டு விழுந்தன. காலில் மகரந்தம் ஒட்டியபடியே செத்தன. மூடியைத் திறந்தேன். ராணியைச் சுற்றி ஒரு கைப்பிடி தேனீ நடுங்கிக்கொண்டிருந்தது. ராணியை என் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அது அசைவு நின்றுபோன நேரம் நான்கு இருபது.

அதன் பிறகுதான் கோழிகளைக் கவனித்தேன். இரண்டு மணிக்கு வழக்கம் போல வந்து நின்றிருக்கின்றன. தினமும் பத்து இருபது விழும் இடத்தில் அன்று ஆயிரக்கணக்கில் விழுந்திருக்கிறது. ஆசை தீரத் தின்றிருக்கின்றன. மூன்று ஏற்கெனவே செத்துக் கிடந்தன. மூன்று என் கண் முன்னால் வாயில் எச்சில் ஒழுக, கழுத்து மடங்கிச் செத்தன. வீட்டுக்குள் கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. மிச்சம் இரண்டைக் காணவில்லை.

சுவரோரம் போட்டிருந்த கல்லின் மேல் ஏறிப் பார்த்தேன். இரண்டும் நாகேஷின் தண்ணீர் சம்ப்புக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்து தூங்கி வழிந்தன. தின்றுவிட்டுத் தண்ணீருக்காக அந்தப் பக்கம் போயிருக்கின்றன. கார் கழுவுகிற சிவப்புக் கை ஸ்ப்ரேயர் படியில் கவிழ்த்து வைத்திருந்தது. நாகேஷ் வந்தான். இரண்டையும் காலைப் பிடித்துத் தூக்கினான். அவை சிறகு கூட அடிக்கவில்லை. வெயிலில் சோர்ந்துவிட்டன என்று நினைத்தான் போலிருக்கிறது. மார்ச் மாத வெயில் அப்படித்தான் இருந்தது.

அவனிடம் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். இது உண்மை. ‘தின்னாதே’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டு, “என்ன யசோதாக்கா, சைலண்ட்டா இருக்கு உங்க பக்கம்? தேனீ எல்லாம் யுகாதி ஹப்பத்துக்கு ஊருக்குப் போயிருச்சா?” என்றான். அதன் பிறகு கோழிகளைத் தூக்கிக் காட்டி, “நாளைக்கு ஹொஸதொடகு. கரெக்ட்டா வந்துருக்கு பாருங்க” என்றான். ஹொஸதொடகு என்பது யுகாதிக்கு மறுநாள், எல்லா வீட்டிலும் கறி சமைக்கும் நாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கல்லிலிருந்து இறங்கினேன். நான் செய்த காரியம் இவ்வளவுதான், இதை மறைக்க நான் விரும்பவில்லை.

அதன் பிறகு அவன் கோழிகளை அறுக்கும் சத்தம் கேட்டது. நான் என் பக்கத்தில் மூன்றடிக் குழி வெட்டி, செத்த ஆறு கோழிகளையும் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடினேன். தெரு நாய் தோண்டித் தின்றுவிடக் கூடாது என்பதற்காக மேலே இரண்டு சிமெண்ட் கல்லை வைத்தேன். நாயைப் பற்றி யோசித்த உனக்கு ஒரு மனுஷனைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நாய் என் தேனீயைக் கொல்லவில்லை என்று பதில் சொன்னேன். குழியைத் தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம், கல் அங்கேயே இருக்கிறது.

மறுநாள் முப்பத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை காலை, அவன் பின்சுவருக்கு வெளியே சாக்கடை மோரியில் ஒரு மருந்து டப்பா கிடந்தது. சிவப்பு முக்கோணமும் மண்டை ஓடும் போட்டது. கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு எடுத்து என் துவைக்கும் கல்லின் மேல் வைத்தேன். செத்த தேனீக்களைக் கூட்டி அள்ளி ஊறுகாய் பாட்டில்களில் போட்டு மூடினேன். மூன்று பாட்டில் ஆயிற்று.

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ரூபினி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கோழிக் குழம்பு எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். ஹொஸதொடகுக்கு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். அவள் முகம் சரியாக இல்லை. “அக்கா, கோழி உங்களுதுன்னு எனக்குத் தெரியும். நான் வேணாம்னு எவ்ளோ சொன்னேன், கேக்கல. நீங்க இத வாங்கிக்கலன்னா எனக்கு மனசே ஆறாது” என்றாள்.

நான் அவளிடம் கேட்டது இரண்டே கேள்வி. “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டேன். “இன்னிக்கு சோமவாரம்க்கா, நான் கறி தொடமாட்டேன்” என்றாள். “ஸ்னேஹா?” என்று கேட்டேன். ஸ்னேஹா அவர்களுடைய ஒரே மகள், எட்டு வயது. “அவ எங்கம்மா வீட்ல இருக்கா, புதன்கிழமைதான் வருவா” என்றாள். அவன் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், மொட்டை மாடியில் உட்கார்ந்து ஈரலும் இரைப்பையும் தனியாக மிளகு போட்டு வறுத்ததைத் தின்றுகொண்டிருக்கிறான், எப்போதும் அதை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டான் என்று. மேலேயிருந்து ரேடியோ சத்தம் கேட்டது. அவள் ‘நான் சாப்பிடுவேன்’ என்றோ, ‘பாப்பா வீட்டில்தான் இருக்கிறாள்’ என்றோ சொல்லியிருந்தால் அந்தக் கிண்ணத்தை அங்கேயே தட்டிவிட்டிருப்பேன். இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு மூன்று மணிக்கு ரூபினி அலறினாள். போய்ப் பார்த்தேன். நாகேஷ் மாடிப் படியில் சரிந்து கிடந்தான். வாந்தி, வாயெல்லாம் எச்சில், சட்டை பிழியும் அளவுக்கு வியர்வை. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. முந்தின நாள் என் கோழிகள் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தான். நான் அதை நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது. இதை எழுத வேண்டுமா என்று ஸ்ரீகண்டன் என்னைப் பார்த்தார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு நான் என் வீட்டுக்கு ஓடிப் போய் மருந்து டப்பாவை எடுத்து வந்து ரூபினி கையில் கொடுத்து, “இத டாக்டர்கிட்ட காட்டு. உன் வீட்டுக்காரன் நேத்து என் தேனீக்கு அடிச்ச மருந்து இது. அந்தத் தேனீயத் தின்ன கோழியத்தான் இவன் தின்னுருக்கான். ஒண்ணு விடாம சொல்லு, அப்பதான் மாத்து மருந்து குடுப்பாங்க” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் லாயிட் அந்த வெள்ளைக் காரை ஓட்ட, அவனைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம் சீட்டில் வாந்தி எடுத்தான் என்றும், எத்தனை முறை கழுவியும் நாற்றம் போகவில்லை என்றும் லாயிட் பிறகு சொன்னார். தேனீயின் மஞ்சள் பொட்டு ஈரத் துணிக்கே போயிருக்கும்.

டப்பா கையில் இருந்ததால்தான் உடனே மாற்று ஊசி போட முடிந்தது, அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னதாக எனக்குச் சொன்னார்கள். அப்படியென்றால் அவன் உயிரைக் காப்பாற்றியதும் நான்தான். அதை அவன் புகாரில் காணோம்.

காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவள் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒரே பதில்தான் சொன்னேன். அவன் சாவதில் எனக்கு என்ன இருக்கிறது? செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் உயிரோடு இருக்க வேண்டும். தான் அடித்த மருந்து தேனீக்குள் போய், தேனீயிலிருந்து கோழிக்குள் போய், கோழியிலிருந்து தன் தட்டுக்கே வந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இனிமேல் யார் வீட்டு விருந்தில் கோழிக்கறி வைத்தாலும் முதல் வாய்க்கு முன்னால் என் முகம் அவனுக்கு ஞாபகம் வர வேண்டும். அது இப்போது வரும் என்று நம்புகிறேன். இதற்கு எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. இருந்தால் கொடுக்கட்டும். அதே போல என் இரண்டு பெட்டித் தேனீக்கும் எட்டுக் கோழிக்கும் எந்தப் பிரிவு என்றும் பார்த்துச் சொல்லட்டும்.

வருத்தம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். ரூபினி விஷயத்தில் இருக்கிறது. அவள் நான்கு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்கிறாள், என் போனை எடுப்பதில்லை. என்னைத் திட்டினால் கூடத் தேவலை. வேறு வருத்தம் இல்லை.

ரூபினி கொடுத்த குழம்பை நான் சாப்பிடவில்லை, கொட்டவும் இல்லை. கிண்ணத்தோடு பாலிதீன் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். இன்று அதையும், தேனீ பாட்டில்களில் இரண்டையும் ஸ்ரீகண்டனிடம் ஒப்படைத்தேன். சோதனைக்கு அனுப்பிக்கொள்ளலாம். கிண்ணம் யாருடையது என்ற சந்தேகம் யாருக்கும் வர வேண்டாம். அதன் விளிம்பில் ‘கே. நாகேஷ், கிரகப்பிரவேசம்’ என்று மெஷினில் பெயர் வெட்டியிருக்கிறது. என் கோழி மேல்தான் பெயர் எழுதவில்லை.

வழக்கு முடிந்ததும் அந்தக் கிண்ணத்தை அவன் வீட்டுக்கு நேரடியாக அனுப்பிவிடாமல் என்னிடமே திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அண்டை வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. மூன்றாவது பாட்டில் தேனீயை அதற்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

மேலே எழுதியிருப்பதை ஸ்ரீகண்டன் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். கடைசியாகச் சொன்ன மூன்று வரியை எடுத்துவிடலாமா, உங்களுக்கு நல்லதில்லை அம்மா என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். எல்லாம் நான் சொன்னது, எல்லாம் நடந்தது, எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை.

(ஒப்பம்) சி. யசோதா
4.4.2025, பகல் 1.10 மணி

என் முன்னிலையில் எழுதி, படித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்) ஸ்ரீகண்டன், ஹெட் கான்ஸ்டபிள்